சத்தமும் தின்னரும்: பட்டறைத் தொழிலாளியின் காதுக்கு என்ன நடக்கிறது?

இரைச்சலான இயந்திரத்துக்குப் பக்கத்தில் பல வருடம் நின்றால் காது கெடும். இது எல்லோருக்கும் தெரியும். பெயிண்டும் தின்னரும் காதைக் கெடுக்கும் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். மூக்கு வழியாகப் போவது நுரையீரலைத்தானே பாதிக்கும், காதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. 1980களிலிருந்து வெளிவந்த ஆய்வுகள் அதைத் தொடர்ந்து காட்டி வருகின்றன.

பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, எது தொழில்சார் நோய், எதற்கு இழப்பீடு உண்டு என்ற கேள்விகள் மறுபடியும் எழுகின்றன. காது விஷயத்தில் சட்டமும் பரிசோதனையும் பாதுகாப்புக் கருவியும் சத்தத்தை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. தின்னர் வாசத்தோடு சத்தத்தில் வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு போதாது. ஏன் போதாது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## மதுரையில் இது யாருடைய பிரச்சினை?

மதுரையைச் சுற்றிப் பெரிய ரசாயன ஆலைகள் அதிகம் இல்லை. ஆனால் சத்தமும் கரைப்பானும் ஒரே கூரைக்குக் கீழே சேரும் சிறு தொழில்கள் இங்கே நிறைய. பெயிண்ட், பசை, ரப்பர், மை ஆகியவற்றைக் கரைத்து இளக்கி வைக்கும், எளிதில் ஆவியாகும் திரவத்தைத்தான் கரைப்பான் என்கிறோம். தின்னர் அதில் ஒரு வகை.

1. டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை. ஒரு பக்கம் தகடு தட்டும் சுத்தியல், கிரைண்டர், கம்ப்ரஸர். மறுபக்கம் ஸ்பிரே கன். தின்னரில் டொலுவீனும் சைலீனும் கலந்திருப்பது சாதாரணம். பட்டி பார்க்கப் பயன்படும் பாலியஸ்டர் பட்டியில் ஸ்டைரீன் இருக்கிறது.

2. பீரோ, கட்டில், இரும்பு கேட் செய்யும் இடங்கள். வெட்டுவதும் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் பெரும்பாலும் ஒரே ஷெட்டில்தான் நடக்கின்றன.

3. டயர் ரீட்ரேடிங். தேய்ந்த டயரின் மேல்பகுதியைச் சுரண்டும் பஃபிங் இயந்திரத்தின் சத்தம் ஒரு புறம். அடுத்த கட்டமாகப் பூசும் ரப்பர் சொல்யூஷனில் ஹெக்ஸேன், டொலுவீன் போன்றவை இருக்கலாம். பஸ், லாரித் தொழில் வேரூன்றிய ஊர் என்பதால் இந்த வேலை மதுரைக்குப் புதிதல்ல.

4. ஃபைபர் வேலை. ரெசினில் ஸ்டைரீன் இருக்கும். அது இறுகிய பிறகு கிரைண்டர் போட்டுத் தேய்க்கிறார்கள்.

5. அச்சகம். சிவகாசியில் மட்டுமல்ல, மதுரையிலும் ஆஃப்செட் இயந்திரத்தின் ரோலரையும் பிளாங்கெட்டையும் துடைக்கக் கரைப்பான் வேண்டும். பிளாஸ்டிக் உறைகளில் அச்சிடும் கிரேவியர் முறையில் மையே கரைப்பானில்தான் ஓடுகிறது.

செல்லூர் விசைத்தறிகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அங்கே சத்தம் பயங்கரம்தான், ஆனால் பிரச்சினை கிட்டத்தட்ட சத்தம் மட்டுமே. இங்கே பேசுவது இரண்டும் சேரும் இடங்களைப் பற்றி.

## சத்தம் செய்யும் வேலை

உட்செவியில் நத்தைக்கூடு வடிவத்தில் காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் சுமார் 12,000 வெளி முடிச் செல்களும் சுமார் 3,500 உள் முடிச் செல்களும் உண்டு. வெளி முடிச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. உள் முடிச் செல்கள் அதை நரம்புக்கு அனுப்புகின்றன. பலத்த சத்தம் தொடர்ந்தால் முதலில் சாவது வெளி முடிச் செல்கள். மனிதனுக்கு இவை மறுபடி முளைப்பதில்லை.

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். இந்த அளவுகோலில் 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். அதனால் 85க்கும் 88க்கும் உள்ள வித்தியாசம் சின்னது என்று நினைக்கக் கூடாது. சத்தத்தால் வரும் பாதிப்பு வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி ஒரு பள்ளமாகப் பரிசோதனை வரைபடத்தில் தெரியும். ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் உயர் அதிர்வெண்ணைச் சேர்ந்தவை. அதனால்தான் ‘பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை’ என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

## கரைப்பான் காதுக்குள் போவது எப்படி?

காதுத் துளை வழியாக அது போவதில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

1. ஆவியை மூச்சில் இழுக்கிறோம். கையில் பட்டால் தோல் வழியாகவும் ஓரளவு ஏறும். வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கையில் படுவது ஒரு பக்கம், அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே எழும் ஆவி இன்னொரு பக்கம்.

2. நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலக்கிறது. டொலுவீன், ஸ்டைரீன், சைலீன் எல்லாம் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. மூளை, நரம்பு போன்ற கொழுப்புச் சத்து மிகுந்த திசுக்கள் இவற்றை இழுத்து வைத்துக்கொள்கின்றன. வீட்டுக்குப் போன பிறகும் சில மணி நேரம் உடலில் இருக்கும். கொழுப்பில் தங்கியது இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும்.

3. ரத்தம் காக்ளியாவுக்கும் போகிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில், கரைப்பான் முதலில் முடிச் செல்களைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களையும், அப்புறம் வெளி முடிச் செல்களையும் அழிப்பது தெரிந்தது. சத்தம் குறிவைக்கும் அதே செல்களை இது ரசாயன வழியில் தாக்குகிறது.

4. நான்காவது வழிதான் கவலைக்குரியது. பலத்த சத்தம் கேட்டால் நடுச்செவியில் உள்ள அங்கவடி எலும்போடு இணைந்த குட்டித் தசை தானாக இறுகும். வெயிலில் வந்ததும் கண் கூசிச் சுருங்குவது மாதிரி, இது காதின் சொந்தத் தற்காப்பு. டொலுவீன் போன்றவை இந்த அனிச்சைச் செயலைக் கட்டுப்படுத்தும் நரம்பு மையத்தை மந்தமாக்குகின்றன என்பதை பிரான்சில் விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. தசை சரியாக இறுகாவிட்டால், அதே இயந்திரத்தின் அதே சத்தம் உட்செவிக்குள் கூடுதல் வலுவோடு போய்ச் சேரும்.

5. மூளைக்குப் போகும் வழியிலும் பாதிப்பு உண்டு. காது ஒலியைப் பிடித்துவிடும், ஆனால் அதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் வேலையில் தடுமாற்றம் வரும். இதைக் கீழே பரிசோதனைப் பகுதியில் மறுபடி பார்ப்போம்.

காதைக் கெடுக்கும் பொருள்களின் பட்டியலில் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் கார்பன் டைசல்ஃபைடும் டிரைகுளோரோஎத்திலீனும் உண்டு. கார்பன் மோனாக்சைடு இன்னொரு வழியில் கெடுக்கிறது. காக்ளியா ஆக்சிஜனை அதிகம் நம்பியிருக்கும் உறுப்பு. மூடிய ஷெட்டுக்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடினால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, அதே நேரத்தில் சத்தமும் அடிக்கிறது. கரைப்பானே இல்லாத பட்டறையிலும் இந்தக் கூட்டணி வரலாம்.

## இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு?

இரண்டு ஆய்வுகளைச் சொன்னால் போதும்.

முதலாவது ஸ்வீடனில் ஒரு மரக்கூழ் நிறுவனத்தில் 1958 முதல் 1978 வரை தொழிலாளர்களின் செவித்திறனைப் பின்தொடர்ந்தது. முடிவு 1986இல் வெளியானது. ரசாயனப் பிரிவில் சத்தம் 80 முதல் 90 டெசிபல் வரைதான். மற்ற பிரிவுகளில் 95 முதல் 100. சத்தம் மட்டுமே காரணம் என்றால் மற்ற பிரிவுகளில்தான் காது அதிகம் கெட்டிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். ரசாயனப் பிரிவில் 23 சதவீதம் பேருக்குக் கடுமையான செவித்திறன் இழப்பு. அதிகச் சத்தம் இருந்த பிரிவுகளில் 5 முதல் 8 சதவீதம்.

இரண்டாவது பிரேசிலில் அச்சகத் தொழிலாளர்களிடமும் பெயிண்ட் தயாரிப்பவர்களிடமும் நடந்து 1993இல் வெளியானது. சத்தமோ கரைப்பானோ இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். சத்தத்தில் மட்டும் வேலை செய்தவர்களுக்குச் செவித்திறன் இழக்கும் அபாயம் சுமார் 4 மடங்கு. கரைப்பான் கலவையில் மட்டும் வேலை செய்தவர்களுக்கு 5 மடங்கு. சத்தமும் டொலுவீனும் சேர்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 11 மடங்கு.

எல்லா ஆய்விலும் இதே அளவு எண் வருவதில்லை. கரைப்பானின் அளவும் வகையும் காலமும் மாறினால் எண்ணும் மாறும். ஆனால் திசை ஒன்றுதான். இது என் கருத்தாக மட்டும் இல்லை. 2003இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இரைச்சல் விதிமுறை, காதைப் பாதிக்கும் ரசாயனத்தோடு சத்தம் சேரும்போது என்ன ஆகும் என்பதையும் முதலாளி கணக்கிட வேண்டும் என்கிறது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் 2018இல் இதற்கென்றே தனி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டன.

## பரிசோதனையில் ஏன் தப்பிவிடுகிறது?

வழக்கமான காதுப் பரிசோதனை என்றால் ஆடியோகிராம். சத்தமில்லாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போனில் ‘பீப்’ ஒலி கொடுத்து, எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று குறிப்பார்கள். இதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, கெட்டது சத்தத்தாலா கரைப்பானாலா என்று இந்த வரைபடம் சொல்லாது. இரண்டும் அதே செல்களைத் தாக்குவதால் பள்ளமும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கரைப்பானால் வரும் இழப்பு சில நேரம் 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டி அகலமாகப் பரவும். அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரண்டாவது, மூளைப் பாதையில் உள்ள கோளாறு ‘பீப்’ ஒலியில் வெளிப்படாது. அமைதியான அறையில் எல்லாம் நன்றாகக் கேட்கும். கல்யாண மண்டபத்திலோ மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலோ எதிரில் நிற்பவர் சொல்வது புரியாது. ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று அனுப்பிவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் இவர் கவனிக்காமல் இருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனை என்று தனியாக ஒன்று உண்டு. கரைப்பானில் வேலை செய்பவருக்கு அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, வயது. ஐம்பதைத் தாண்டியவரிடம் ‘வயசுக் கோளாறு’ என்று சொல்லிவிடுவது எளிது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த ஆடியோகிராம் கையில் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. பெரும்பாலானவர்களிடம் அது இல்லை. என் பார்வையில் இந்தப் பிரச்சினையிலேயே மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

## சட்டம் எங்கே நிற்கிறது?

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், 4 மணி நேரத்துக்கு 95, 2 மணி நேரத்துக்கு 100 என்று எல்லை வைத்தன. அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 8 மணி நேரத்துக்கு 85, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக வேண்டும். அதன்படி 100 டெசிபலில் ஒருவர் நிற்கக்கூடிய நேரம் 15 நிமிடம். நம் விதி 2 மணி நேரம் தந்தது. இந்த இடைவெளி சத்தம் மட்டும் இருக்கும் இடத்துக்கே இவ்வளவு என்றால், தின்னரும் சேர்ந்த இடத்தில் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

டொலுவீனுக்கு அதே சட்டம் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதித்தது. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பின் பரிந்துரை 20 பங்கு.

இன்னொரு விஷயம், யார் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்பது. மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதிய தொகுப்பில் அது 20. நாலைந்து பேர் வேலை செய்யும் டிங்கரிங் பட்டறை பழையதிலும் பெரும்பாலும் வரவில்லை, புதியதிலும் வராது. ஆபத்து அதிகமாக இருக்கும் இடத்தில்தான் ஆய்வாளரின் கண் படுவதில்லை. இது சரியல்ல.

இழப்பீட்டுக்கு வருவோம். பழைய 1923 பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இஎஸ்ஐ சட்டத்திலும் இருந்தது போலவே, அவற்றுக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழில்சார் நோய்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. அதில் ‘சத்தத்தால் ஏற்படும் செவித்திறன் குறைபாடு’ இருக்கிறது. ‘கரைப்பானால் ஏற்படும் செவித்திறன் குறைபாடு’ என்று தனியாக இல்லை. ஆனால் அதே அட்டவணையில் பென்சீனாலும் அதன் நச்சு வகைகளாலும் வரும் நோய்கள் என்று இன்னொரு பதிவு இருக்கிறது. டொலுவீனும் சைலீனும் பென்சீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தப் பதிவு எந்த உறுப்பு என்று குறிப்பிடவில்லை. சத்தம் 90ஐத் தொடவில்லை என்று ஒரு கோரிக்கை தள்ளுபடியாகும் நிலை வந்தால், இரண்டு பதிவுகளையும் சேர்த்து வாதாட இடமிருக்கிறது என்பது என் கருத்து. வழக்கறிஞரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

## பட்டறையில் எதை மாற்றலாம்?

காதடைப்பான் சத்தத்தைத் தடுக்கும், ரத்தத்தில் கலந்த டொலுவீனைத் தடுக்காது. முகமூடி ஆவியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. இரண்டும் வேண்டும் என்பது முதல் விஷயம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு.

1. பெயிண்ட் அடிக்கும் இடத்தையும் தட்டும் இடத்தையும் பிரிப்பது. ஒரு தடுப்புச் சுவர் போட முடியாவிட்டாலும் நேரத்தைப் பிரிக்கலாம். காலையில் கிரைண்டிங், மாலையில் பெயிண்ட் என்று வைத்தால், பெயிண்டரும் டிங்கரும் ஒருவர் ஆபத்தை இன்னொருவர் சுமக்க வேண்டியதில்லை. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் இந்த வழியில் பலன் குறைவு. உடலில் கரைப்பான் மணிக்கணக்கில் தங்குவதை மேலே பார்த்தோம்.

2. காற்றை வெளியேற்றுவது. டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். சுவரின் உச்சியில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் தரையில் தேங்கும் ஆவியைச் சரியாக இழுக்காது. இழுக்கும் வாய் தாழ்வாக, ஸ்பிரே அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தீப்பிடிக்கும் ஆவி என்பதால் பொறி பறக்காத மோட்டார் அவசியம்.

3. தின்னர் டப்பாவை மூடி வைப்பது, துடைத்த துணியை மூடிய தொட்டியில் போடுவது, கை கழுவ சோப்பும் சமையல் எண்ணெயும் வைப்பது. செலவு மிகக் குறைவு.

4. சரியான முகமூடி. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் பயனற்றவை. என்95 தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கரி அடைத்த, கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் வைத்த முகமூடிதான் வேண்டும். உள்ளே வாசம் வர ஆரம்பித்தால் கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வாசம் வரவில்லை என்பதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. மூக்கு சீக்கிரம் பழகிவிடும். அதனால் நாள் குறித்து மாற்றுவது நல்லது.

5. காதடைப்பான். பஞ்சு போதாது. நுரை அடைப்பானை விரலில் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பேருக்குத்தான் இருக்கிறது. கையில் தின்னர் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

சத்தம் எவ்வளவு என்று தெரியக் கருவி இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச முடிகிறது என்றால், அங்கே 85 டெசிபலை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வந்த பிறகும் காதில் ‘ங்ங்’ என்று இரைந்தால் அது எச்சரிக்கை.

## மருத்துவரிடம் போகும்போது

அரசு ராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ இஎஸ்ஐ மருத்துவமனைக்கோ போகும்போது, காது கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாமல் வேலையையும் சொல்ல வேண்டும். எத்தனை வருடம், என்ன இயந்திரம், எந்தத் தின்னர், முகமூடி இருந்ததா என்று. ‘பெயிண்டர்’ என்று ஒரு சொல்லில் முடித்தால் சத்தம் மறைந்துபோகும், ‘டிங்கர்’ என்றால் தின்னர் மறைந்துபோகும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளும் காதைப் பாதிக்கும் என்பதால் அவை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டில் தொழில் விவரத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உரிமை கோரும்போது உதவும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான் வழி என்று நினைத்துப் பலர் அதற்கு அலைகிறார்கள். 2016 சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர். தொழிலால் வரும் இழப்பு உயர் அதிர்வெண்ணில் தொடங்குவதால், வாழ்க்கை நன்றாகவே பாதிக்கப்பட்ட பிறகும் இந்த எல்லையைத் தொடாமல் இருக்கலாம். இஎஸ்ஐ உறுப்பினருக்கு இழப்பீடு பெறும் பாதை வேறு. தொழில்சார் நோய்க்கான சிறப்பு மருத்துவ வாரியம் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யும். இஎஸ்ஐ இல்லாதவர் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் இழப்பீடு கோர வேண்டும். 1923 சட்டத்தில் குறைந்தது ஆறு மாதத் தொடர் வேலை இருந்திருக்க வேண்டும், வேலையை விட்டவருக்கு இரண்டு வருடத்துக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அதனால் பட்டறையை மாற்றுவதற்கு முன்பே ஓர் ஆடியோகிராம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வதும், தின்னர் டப்பாவின் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் பின்னால் மிகவும் பயன்படும்.